நகல் யார் கையில்?

கம்பெனி மெயிலை போனில் வைத்திருக்கும் யாரிடமாவது, "அந்த மெயில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். போனைத் திருப்பிக் காட்டுவார்கள். "இதோ இருக்கே, படிக்கிறேனே" என்பார்கள். கண்ணுக்குத் தெரிவதைக் கையில் இருப்பதாக நினைப்பது இயல்புதான். ஆனால் பெரும்பாலான போன்களில் நாம் பார்ப்பது குளத்தில் தெரியும் கோபுரத்தைப் போன்றது. மேலே கோபுரம் இருக்கும்வரை தண்ணீரிலும் தெரியும்.

நான் திருவாலங்காட்டில் வசிக்கிறேன். வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். இரண்டும் ஒரே மாவட்டம்தான், ஆனால் வேறு வேறு ரயில் பாதைகள். காலையில் அரக்கோணம் பக்கமிருந்து வரும் மின்சார ரயிலில் ஏறி மணவூர், செஞ்சி பானம்பாக்கம், கடம்பத்தூர் தாண்டி திருவள்ளூரில் இறங்குவேன். அங்கிருந்து வெங்கல், பெரியபாளையம் வழியாக கம்பெனி பஸ். மென்பொருள் படித்துவிட்டு இரும்பு உருட்டும் ஊரில் என்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். இரும்பு உருட்டும் இடத்திலும் ஸ்டாக் கணக்கு உண்டு, கேட் பாஸ் உண்டு, மெயில் உண்டு. அவையெல்லாம் ஓடுவதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

அதில் அதிகம் காதில் விழும் புகார், "சிங்க் ஆகல" என்பது. எங்கள் ஊரில் சிங்க் என்றால் பாதிப் பேருக்கு கால்வனைசிங் தொட்டியில் கொதிக்கும் துத்தநாகம்தான் ஞாபகம் வரும். சர்வரில் உள்ள ஃபோல்டரும் போனில் உள்ள ஃபோல்டரும் ஒன்றுபோல இருக்கச் செய்யும் வேலைக்கும் அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் ஒத்திசைவு என்கிறோம். அழகான சொல். கேட்டால் இரண்டு பேர் சேர்ந்து பாடுவதுபோல ஒரு எண்ணம் வரும். நடப்பது அப்படி இல்லை. அதில் ஒருவர் பாடுகிறார், மற்றவர் திருப்பிச் சொல்கிறார்.

முதலில் இப்படி இருக்கவில்லை. 1984இல் பாப் என்ற நெறிமுறை வந்தது. போஸ்ட் ஆபீஸ் என்ற சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. கிராமத்துத் தபால் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வரும், நீங்கள் போய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அதன்பிறகு அது உங்கள் பெட்டியில் இருக்கும், தபால் நிலையத்தில் இருக்காது. பாப் முறையில் மெயில் உங்கள் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும். 'சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்' என்று டிக் செய்து வைத்தாலொழிய அங்கே அழிந்துவிடும். ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இதுவே போதும்.

இரண்டாவது கருவி வந்ததும் சிக்கல். ஆபீஸில் இறக்கிய மெயில் வீட்டில் வராது. 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் ஐமேப் என்ற வேறொரு நெறிமுறையை எழுதினார். அதில் கடிதம் தபால் நிலையத்தை விட்டு நகராது. நீங்கள் எந்த ஜன்னல் வழியாக வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், படித்ததாகக் குறி போடலாம், வேறு அறைக்கு மாற்றச் சொல்லலாம், கிழித்துப் போடச் சொல்லலாம். எந்த ஜன்னலில் நின்று சொன்னாலும் எல்லா ஜன்னலிலும் அது தெரியும். போன் கைக்கு வருவதற்கு இருபது வருடம் முன்பே போனுக்கான ஏற்பாடு தயாராக இருந்தது என்று சொல்லலாம்.

இது எப்படி வேலை செய்கிறது என்பது அழகான கணக்கு. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் ஒரு எண் கொடுக்கிறது. எண் ஏறிக்கொண்டே போகும், ஒருபோதும் திரும்ப வராது. 512ஆம் மெயிலை அழித்துவிட்டால் அந்த எண் அதோடு சரி. போன் தன்னிடம் கடைசியாக இருக்கும் எண்ணைச் சொல்லி, "இதற்கு மேல் என்ன இருக்கிறது?" என்று கேட்கும். அப்புறம், "பழையவற்றில் எதற்கெல்லாம் குறி மாறியிருக்கிறது?" என்று கேட்கும். குறிகள் ஐந்தாறுதான்: படித்தது, பதில் எழுதியது, நட்சத்திரம் போட்டது, அழிக்கச் சொன்னது, பாதி எழுதியது. இதைத் தவிர ஃபோல்டருக்கே ஒரு அடையாள எண் உண்டு. சர்வரை மாற்றும்போது சில சமயம் அந்த எண் மாறிவிடும். அப்போது போன் தன்னிடம் உள்ள அத்தனையையும் பொய் என்று தூக்கி எறிந்துவிட்டு, முதலிலிருந்து இறக்க வேண்டும் என்பது விதி. எங்கள் கம்பெனியில் சர்வர் மாற்றிய வாரம், எல்லோருடைய டேட்டாவும் மதியத்துக்குள் தீர்ந்துபோனதற்குக் காரணம் இதுதான்.

பாருங்கள், முரண்பாடு வந்தால் போன் தன்னைத்தான் சந்தேகிக்க வேண்டும். சர்வரை அது சந்தேகிக்க வழியே இல்லை.

பழைய பிளாக்பெர்ரி போன்களில் இது வெளிப்படையாகவே இருந்தது. செட்டிங்கில் ஒரு வரி இருக்கும்: தகராறு வந்தால் யார் ஜெயிப்பது, கைக்கருவியா மெயில்பாக்ஸா? இன்னொரு வரி, நீங்கள் இங்கே அழித்தால் இங்கே மட்டும் அழியட்டுமா, அங்கேயும் அழியட்டுமா என்று கேட்கும். புதிய போன்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பதில் முடிவாகிவிட்டது. இப்போது பல கம்பெனிகள் பயன்படுத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க் முறையில், தொலைந்துபோன போனை நிர்வாகி தூரத்திலிருந்தே மொத்தமாகத் துடைக்கலாம். அதைத்தான் நாம் கணக்கைச் சேர்க்கும்போது, 'நிர்வாகிக்கு இந்த அனுமதிகளைக் கொடுக்கிறீர்களா?' என்று வரும் நீளமான பக்கத்தில் படிக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஒருமுறை, "மெமரி ஃபுல்" என்று போன் கத்தியதால் ராத்திரி உட்கார்ந்து நான்காயிரம் மெயிலை அழித்தார். காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தால் அதுவும் காலி. "என் போன்லதானே அழிச்சேன், இங்க ஏன் போச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. குப்பை ஃபோல்டரில் இருந்ததால் திரும்பக் கிடைத்தது. அவர் 'சம்பளம்' என்று தமிழில் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். அது ஒரு பழைய மெயில் செயலியில் ஆம்பர்சண்ட் குறியில் தொடங்கும் புரியாத ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தெரிந்தது. ஐமேப்பில் ஆங்கிலம் அல்லாத ஃபோல்டர் பெயர்களை அப்படிச் சுற்றிவளைத்து எழுதி வைப்பது வெகுகாலம் வழக்கம். அதைத் திருப்பிப் படிக்கத் தெரிந்த செயலி தமிழாகக் காட்டும், தெரியாதது அப்படியே காட்டும். 2021இல் வந்த புதிய பதிப்பில்தான் ஃபோல்டர் பெயரை யூனிகோடில் நேராகவே எழுதலாம் என்று ஆனது.

அடுத்த சிக்கல், எந்த ஃபோல்டர் என்பது. மெயில் வந்த உடனே போன் சிணுங்குகிறதே, அதற்கு ஐமேப்பில் 1997இல் சேர்த்த ஒரு ஏற்பாடு காரணம். போன் சர்வரிடம், "நான் சும்மா இருக்கேன், எதாவது வந்தா சொல்லு" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். அரை மணி நேரம் பேச்சில்லாமல் இருந்தால் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடலாம் என்பதால், 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்கச் சொல்கிறது விதி. ஆனால் அப்படிக் காத்திருப்பது ஒரு ஃபோல்டரின் வாசலில் மட்டும்தான். பெரும்பாலும் இன்பாக்ஸ். 'பாதுகாப்பு என்று தலைப்பில் வந்தால் தனி ஃபோல்டருக்கு அனுப்பு' என்று நீங்கள் ஒழுங்காக விதி எழுதி வைத்திருந்தால், அந்த மெயிலுக்கு போன் சிணுங்காமலே போகலாம். ஒழுங்காக இருப்பவருக்குத்தான் தாமதமாகத் தெரியும். ஆக்டிவ்சிங்க்கிலும் மற்ற ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய போன்கள் உண்டு. எத்தனை நாள் மெயில் வேண்டும் என்பதும் தனி: மூன்று நாள், ஒரு வாரம், ஒரு மாதம். ஒரு மாதம் என்று வைத்தால் அதற்கு முந்தியது போனில் இருக்காது. அழிந்துவிட்டது என்று பதறிக்கொண்டு வருவார்கள். இதெல்லாம் தெரிந்துகொண்டால் சரிசெய்யக் கூடியவை. நான் சொல்ல வந்தது சரிசெய்ய முடியாத ஒன்றைப் பற்றி.

எங்கள் பிளான்ட்டில் ஒரு மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் இருந்தார். இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். நான் அண்ணா என்பேன், அவர் தம்பி என்பார். மெயில் எழுதுவது அவருக்கு விருப்பமான வேலை இல்லை. ஆனால் எதையும் வாய்வார்த்தையாக விடக்கூடாது என்று யாரோ பழைய மேனேஜர் சொல்லிக் கொடுத்திருந்தார். எனவே ஷிஃப்ட் முடிந்ததும் போனில் ஒரு விரலால் தட்டித் தட்டி நாலு வரி அனுப்புவார். அனுப்பியதை ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதிக்கொள்வார். தேதி, யாருக்கு, என்ன விஷயம். "மெயிலே இருக்கும்போது நோட்டு எதுக்குண்ணா?" என்று கேட்டிருக்கிறேன். "போன் மாத்தறோம், பாஸ்வேர்ட மாத்தறோம். நோட்ட மாத்தறதில்லபா" என்றார்.

அவர் ரிடையர் ஆனார். மாலை போட்டு, சால்வை போத்தி, குரூப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அன்று இரவு எங்கள் ஏற்பாட்டின்படி அவர் கணக்கு தானாகவே முடக்கப்பட்டது. ஹெச்.ஆர். தேதியைப் போட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். அடுத்த நாள் காலை போன் செய்தார். "இன்னா தம்பி, மெயில் எல்லாம் காணோமே? நேத்து பஸ்ல வரச்சே கூட பாத்துக்கினு வந்தேன்." விளக்கிச் சொன்னேன். "அப்ப அது என்து இல்லியா?" என்று கேட்டுவிட்டு, சரி என்று வைத்துவிட்டார். முடக்கிய கணக்கு 30 நாள் கழித்து மொத்தமாக அழியும் என்பது எங்கள் சர்வரின் விதி. அதுவும் நடந்தது. விதியில் தவறு என்று சொல்ல முடியாது. போனவர்கள் மெயில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே இருந்தால் இடமும் போதாது, ரகசியமும் தங்காது.

ஐந்து மாதம் கழித்து, அவர் பார்த்துக்கொண்டிருந்த உருளை இயந்திரம் ஒன்றில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் வலது கை சிக்கியது. இரண்டு விரல்கள் போய்விட்டன. உருளைக்கு முன்னால் இருக்க வேண்டிய கம்பிக் கூண்டு, நாங்கள் 'கார்டு' என்போம், இருக்கவில்லை. விசாரணை வந்தது. ஏன் கார்டு இல்லை என்ற கேள்விக்கு ஃபைலில் எழுதப்பட்ட பதில், 'மெயின்டனன்ஸ் தரப்பிலிருந்து இதுபற்றி எழுத்துமூலம் எந்தத் தகவலும் வரவில்லை' என்பது. அவரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

நோட்டோடு வந்தார். பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தேதி இருந்தது. 'மூணாம் மிஷின் கார்டு – மேனேஜர் – பர்ச்சேஸ் – காப்பி காக்களூர்' என்று இருந்தது. "நான் எழுதலன்னு சொல்றாங்க தம்பி. எழுதனேன். ரெண்டு தபா எழுதனேன்." நோட்டை அவர் எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்றார்கள். மெயிலைக் காட்டச் சொன்னார்கள்.

நான் தேடினேன். அவர் அனுப்பியதெல்லாம் சர்வரில் உள்ள 'அனுப்பியவை' ஃபோல்டரில்தான் இருந்தது. போனில் எழுதினாலும் அங்கேதான் போகும், அதுதான் ஒத்திசைவு. அந்தக் கணக்கே இல்லை. பெற்றுக்கொண்ட மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், அவர் கணக்கும் இல்லை. பர்ச்சேஸின் பொதுக் கணக்கில் ஒரு வருடத்துக்கு மேற்பட்டவை தானாக அழியும்படி இருந்தது. இந்த மெயில் அதற்கும் மூன்று மாதம் முந்தியது. சர்வரின் பதிவேடுகள் 90 நாளோடு சரி. ஒரு மெயிலுக்கு நான்கு இடங்களில் தடயம் இருக்க வேண்டும். நான்கும் ஒரே கூரையின் கீழ், ஒரே மாதிரி விதிகளின்படி போயிருந்தன. யாரும் திட்டமிட்டு அழிக்கவில்லை. அதுதான் எனக்குத் தொந்தரவாக இருந்தது. திட்டமிட்டு அழித்திருந்தால் எங்காவது பிசிறு இருந்திருக்கும்.

மிச்சம் இருந்தது 'காப்பி காக்களூர்' என்ற இரண்டு சொல். திருவள்ளூருக்குப் பக்கத்தில் காக்களூர் சிட்கோவில் சின்னதாக ஃபேப்ரிகேஷன் ஷெட் வைத்திருப்பவர் ஒருவர் எங்களுக்கு கார்டு, ரெயிலிங் எல்லாம் செய்து கொடுப்பார். கொட்டேஷன் கேட்பதற்காக அண்ணன் அவருக்கும் காப்பி போட்டிருக்கிறார். ரயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் அங்கே போனேன். வெல்டிங் புகைக்கு நடுவே, தூசிக்காக துணி போர்த்திய பழைய கம்ப்யூட்டர். அதில் பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸ். மெயில் வருவது பாப் முறையில். யாரோ பல வருடத்துக்கு முன்னால் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனது, அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. "போன்ல வராதுங்க, இங்க வந்துதான் பாக்கணும். மாத்தணும்னு நினைக்கறேன், நேரமில்ல" என்று வெட்கத்தோடு சொன்னார். மாற்றாமல் இருந்ததற்கு நான் மனசுக்குள் நன்றி சொன்னேன்.

நோட்டில் இருந்த தேதிக்குப் போனோம். இருந்தது. நாலு வரி, எழுத்துப் பிழைகளோடு. 'மூணாம் மிஷின் முன்னாடி கார்டு இல்ல. கை போகும். அர்ஜண்டா போடணும். கொட்டேஷன் அனுப்பவும்.' மெயிலின் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தேன். ஒரு மெயில் எந்தெந்த சர்வரைக் கடந்து வருகிறதோ, ஒவ்வொன்றும் தன் பெயரையும் நேரத்தையும் ஒரு வரியாக மேலே மேலே ஒட்டிக்கொண்டே அனுப்பும். பழைய தபால் உறைகளின் பின்பக்கம் ஊருக்கு ஊர் முத்திரை விழுந்திருக்குமே, அதுபோல. அதில் எங்கள் சர்வரின் முத்திரை இருந்தது. எங்களிடமே இல்லாத சாட்சி, எங்கள் முத்திரையோடு, காக்களூரில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது.

அண்ணன் பெயர் ஃபைலிலிருந்து நீங்கியது. கார்டு போட்டார்கள். அந்தப் பையனுக்கு விரல் வரவில்லை. அதற்கு மேல் அந்தக் கதையில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப்பின் ஒரு விஷயத்தை வேறு மாதிரி பார்க்கிறேன். ஒத்திசைவு என்பதும் காப்பு என்பதும் ஒன்றில்லை என்று எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். தேர்வில் கேட்டால் எழுதுவோம். ஒத்திசைவில் நல்லது மட்டும் பரவுவதில்லை, அழிவும் அதே வேகத்தில் பரவும். நான்கு கருவியில் தெரிவதால் நான்கு பிரதி இருப்பதாகாது. ஒரே பிரதியை நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பிரதி என்று சொல்ல வேண்டுமானால், அதை எழுதியவர் அழித்தாலும் கொடுத்தவர் அழித்தாலும் அது மிஞ்ச வேண்டும்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. திருவாலங்காடு என்றால் பலருக்குக் காரைக்கால் அம்மையாரும் இரத்தின சபையும் நினைவுக்கு வரும். சரித்திரம் படித்தவர்களுக்கு 1905இல் இங்கே கிடைத்த செப்பேடுகள். ஒரு வளையத்தில் கோத்து, சோழ முத்திரை வைத்த 31 ஏடுகள். முதலாம் இராஜேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில், பக்கத்து ஊரான பழையனூரை திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த ஆணை அது. அரசன் சொன்னதை ஓலையில் எழுதுபவர், சரிபார்ப்பவர், வரிக்கணக்கில் ஏற்றுபவர் என்று ஒரு பெரிய அலுவலகமே சோழர் சாசனங்களில் வரிசையாக வந்து கையெழுத்திடுகிறது. அன்றைக்கு மூலம் என்றால் அரண்மனைக் கணக்கில் இருந்த ஓலைதான். செம்பில் வெட்டியது, பெற்றுக்கொண்டவர் கையில் கொடுக்கும் பிரதி.

அந்த ஏடுகளே ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போவதில்லை என்பது இன்னொரு சுவாரசியம். தமிழ்ப் பகுதி ஆறாம் ஆண்டுக்குரியது. சமஸ்கிருதப் பகுதியோ கங்கையையும் கடாரத்தையும் வென்றதைப் பாடுகிறது. அவை ஆறாம் ஆண்டுக்குப் பின்னால் நடந்தவை. எனவே அது பிற்பாடு சேர்த்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். புதியது சேர்ந்தது, பழையதை அது அழிக்கவில்லை. தமிழ் வரிகள் தங்கள் தேதியோடு அப்படியே நிற்கின்றன.

சோழர்களின் வரிக்கணக்கு ஓலைகளில் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. மூலம் போய்விட்டது. பெற்றவர் கையிலிருந்த நகல் ஏறத்தாழ ஆயிரம் வருடம் இருந்தது. அரண்மனை மாறினாலும், அரசமரபே முடிந்தாலும், அந்த ஏட்டில் ஓர் எழுத்தைக்கூட தூரத்திலிருந்து யாராலும் எடுக்க முடியவில்லை.

இப்போது எங்கள் கம்பெனியில் ஒரு சின்ன மாற்றம் வந்திருக்கிறது. பாதுகாப்பு பற்றிய மெயில் என்றால், அது யார் கணக்கிலிருந்து வந்தாலும், ஒரு தனிக் காப்பகத்துக்குப் போய்விடும். அங்கே போனால் யாரும் அழிக்க முடியாது, நான் உட்பட. எழுதியவருக்கு ஒரு ரசீது எண் அச்சாகி வரும், அதைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இதற்குச் சம்மதம் வாங்க எட்டு மாதம் ஆனது. கம்பெனி மெயிலைச் சொந்தக் கணக்குக்கு அனுப்பிக்கொள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. அது விதிமீறல், வேலை போகும். ஆனால் சேர்ந்த அன்றே புதியவர்களிடம், போனில் தெரிவது உங்களுடையது இல்லை, நீங்கள் என்ன எழுதினீர்கள் என்ற தேதியாவது உங்கள் கையெழுத்தில் உங்களிடம் இருக்கட்டும் என்று சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் நோட்டு வாங்குகிறார்கள்.

விசாரணை முடிந்த பிறகு, அந்த மெயிலைப் போனில் அனுப்பட்டுமா என்று அண்ணனைக் கேட்டேன். வேண்டாம் என்றார். அச்செடுத்துத் தரச் சொன்னார். கொடுத்தேன். இரண்டாக மடித்து, பி.எஃப். காகிதமும் ரேஷன் கார்டு நகலும் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரில் செருகிக்கொண்டு, திருவள்ளூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.